வீட்டு ஜெபமும் ஜாதி வாசற்படியும்

மாதாகோயிலுக்குப் போகாமல் வீடுகளில் கூடி ஜெபம் செய்யும் கிறிஸ்தவர்கள் பலர் உண்டு. ஆதி சபை வீட்டில்தான் கூடிற்று, அங்கே உயர்ந்தவன் தாழ்ந்தவன் கிடையாது என்பது அவர்கள் பெருமை. கோயிலும் குருவும் வேண்டாம் என்பது நமக்கும் சம்மதமே. ஆனால் அந்த ஆதி வீட்டின் யோக்கியதையைச் சற்றுப் பார்ப்போம்.

பவுல் சிறையிலிருந்து பிலேமோன் என்பவருக்கு எழுதிய நிருபம் அவர்கள் வேதத்திலேயே இருக்கிறது. ஒரே அத்தியாயந்தான், யாரும் படித்துப் பார்க்கலாம். பிலேமோன் வீட்டில் சபை கூடிற்று. அதே பிலேமோனுக்கு ஒநேசிமு என்று ஓர் அடிமையும் இருந்தான். அவன் எஜமானை விட்டுப் பிரிந்து பவுலிடம் சேர்ந்து கிறிஸ்தவனானான். பவுல் என்ன செய்தார்? எஜமானிடமே திருப்பியனுப்பினார். சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்படி நயந்து கேட்டார். அவன் கடன் ஏதுமிருந்தால் தம் கணக்கில் எழுதச் சொன்னார். தாம் வந்தால் தங்க இடமும் ஆயத்தம் செய்யச் சொன்னார். நல்ல மனசுதான், மறுக்கவில்லை. ஆனால் மனிதனை மனிதன் அடிமையாக வைத்திருப்பதே அக்கிரமம் என்று ஒரு வரி அதில் உண்டா? கூடத்தில் ஜெபம், கொல்லையில் அடிமை! இதுதானா சமத்துவம்?

நம் நாட்டுச் சங்கதிக்கு வருவோம். திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872ல் எழுந்த கோயிலில் வேளாளருக்கும் நாடாருக்கும் தனித்தனிச் சிறகு, நடுவே தடுப்பு. 1910ல் பாதிரியார் தடுப்பை இடித்தார். வேளாளக் கிறிஸ்தவர்கள் சென்னை ஹைக்கோர்ட்டு வரை போய்த் தோற்றார்கள். பொது இடமாகையால் தடுப்பு கண்ணுக்குத் தெரிந்தது, கேட்க ஆள் இருந்தது, இடிக்கவும் முடிந்தது. வீட்டிலோ, வீட்டுக்காரர் அழைத்தவர்தாம் சபை! சேரிக் கிறிஸ்தவனை அழைக்காவிட்டால் எந்தப் பாதிரி கேட்பார், எந்தக் கோர்ட்டு கேட்கும்? சொந்த வீடு, சொந்த இஷ்டம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது.

சேரிக் குடிசைகளிலேயே கூடும் கூட்டங்களும் உண்டே என்பார்கள். உண்டுதான். அங்கே மேல்ஜாதிக் கிறிஸ்தவர் எத்தனை பேர் போய்ப் பாயில் உட்காருகிறார்கள் என்பதே நமது கேள்வி.

இக்கூட்டங்களைக் கல்லெறிந்து கலைக்கப் புறப்படும் இந்து மத வீரர்கள் இதைப் படித்து மகிழ வேண்டியதில்லை. ஜாதி அவர்கள் கடையிலிருந்து போன சரக்கு.

ஜெப வீட்டுக்காரர்களே! அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைச் சேரியில் ஒரு தோழர் வீட்டில் வைப்பீர்களா? ஜெபம் முடிந்ததும் அந்த வீட்டு அம்மாள் சமைத்த சோற்றை அங்கேயே உட்கார்ந்து உண்பீர்களா? பெண் கொடுப்பது எடுப்பதைப் பற்றி அப்புறம் கேட்கிறோம்.