விடுதியா? வீடா?

எழுபது வயதுத் தாய், நாற்பது வயது மகன். மகனுக்கு ஆட்டிசம். "என் கண் மூடினால் இவனுக்கு யார்?" என்று கேட்கிறாள் அன்னை. ஊர்க்கோடியில் விடுதி இருக்கிறதே என்கின்றனர் விவேகிகள்! பழகிய தெருவும், பெயர் சொல்லி அழைக்கும் தேநீர்க் கடைக்காரரும் அங்கே கூட வருவார்களோ?

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஆட்டிசத்தையும் சேர்த்து, 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்புடையோருக்கு அரசு வீட்டுத் திட்டங்களில் 5 விழுக்காடு ஒதுக்கச் சொல்கிறது. பிச்சையல்ல, உரிமை! மூன்றாம் மாடியில் ஒதுக்கினால் மூதாட்டி ஏறுவதெப்படி?

1970-இல் குடிசைமாற்று வாரியம் கண்ட கழகத்தவர் நாம். கேட்கும் கடமை நமக்குண்டு. தரைத்தளத்தில் முதியோரும் இத்தகைய பிள்ளைகளும் அடுத்தடுத்து, மேலே இளங்குடும்பங்கள். பெரியவருக்கு அவன் குடம் தூக்குவான். அவன் அடுப்பை அணைத்தானா என்று அவர் எட்டிப் பார்ப்பார். தாய்க்குப் பின்னும் வீடு மகனுக்கே என்று ஒதுக்கீட்டு ஆணையிலேயே எழுதுக!