மேலே பறப்பவருக்குப் பதிவேடு, கீழே வாழ்பவருக்கு?

ஆனைகட்டிச் சோதனைச் சாவடியைக் கடந்து அட்டப்பாடிக்குள் நுழையும் வாடகை ஜீப் ஓட்டுநர் கையோடு வைத்திருக்க வேண்டிய தாள்கள் பல. பதிவுச் சான்று, தகுதிச் சான்று, பெர்மிட், புகைச் சான்று, இன்சூரன்ஸ். இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டிப் பிடிபட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 196ஆம் பிரிவின்படி முதல்முறைக் குற்றத்திற்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சட்டம் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. சோலையூர்ச் சாலையில் விறகோடு நடந்துசெல்லும் ஓர் இருளர் பெண்மணி மீது அந்த ஜீப் மோதி உயிர் போனால், யார் தவறு என்பதை நிரூபிக்காமலேயே அவர் குடும்பம் 5 லட்சம் ரூபாய் கோர 164ஆம் பிரிவு வழி செய்கிறது. தவறை நிரூபிக்க முடிந்தால் அதற்கும் மேலே கோரலாம். அதற்கென்று தனித் தீர்ப்பாயம் உண்டு. இன்சூரன்ஸ் நிறுவனத்தையே நேராக எதிர்மனுதாரராக்கலாம்.

அதே பெண்மணியின் குடிசை மீது ஒரு பெருமுதலாளியின் ஜெட் விமானமோ ஹெலிகாப்டரோ விழுந்தால்? அவருக்காக எழுதப்பட்ட அத்தகைய பிரிவு இந்திய விமானச் சட்டத்தில் ஒன்றுகூட இல்லை.

விமான உரிமையாளருக்குச் சட்டமே இல்லை என்பது இதன் பொருள் அன்று. சட்டமும் விதியும் ஏராளம். இந்தியாவில் பதிவு செய்யப்பட வேண்டிய எந்த விமானமும் டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் பதிவேட்டில் ஏறாமல் பறக்கக் கூடாது. 1937ஆம் ஆண்டு விமான விதிகளின் 30ஆம் விதி, யார் பெயரில் எந்த வகையில் பதியலாம் என்று வகுக்கிறது. இந்தியக் குடிமக்களுக்கும் இந்தியாவில் பதிவான நிறுவனங்களுக்கும் அரசுகளுக்கும் உரியது முதல் வகை. இங்கே வசிக்கும், தொழில் நடத்தும் வெளிநாட்டாருக்கு உரியது இரண்டாம் வகை. பதிவானதும் ‘வி.டி.’ என்று தொடங்கும் எழுத்துகளை விமானத்தின் உடலில் தீட்ட வேண்டும். (‘வைஸ்ராய் டெரிட்டரி’ என்றே பலரும் விரித்துச் சொல்லும் அந்த இரண்டு எழுத்துகள், ஊர்ப் பெயர்களையெல்லாம் மாற்றித் திரியும் தேசபக்தர்களின் ஆட்சியிலும் அப்படியே பறக்கின்றன.) பறக்கும் தகுதிச் சான்று வேண்டும், அது ஆண்டுதோறும் மறு ஆய்வுக்கு வர வேண்டும். விற்றால் தெரிவிக்க வேண்டும். குத்தகை என்றால் குத்தகைக்காரர் யார் என்பது பதிவாக வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ‘பாரதிய வாயுயான் அதினியம்’ என்ற புதிய சட்டத்தின்படி, விதிகளை மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறையோ 1 கோடி ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம்.

இத்தனை ஏற்பாடும் இரண்டு கேள்விகளுக்கே விடை சொல்கிறது: இந்த விமானம் யாருடையது? இது பறக்கத் தகுதியானதா? விழுந்தால் யார், யாருக்கு, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற மூன்றாவது கேள்வி சட்டத்தின் கண்ணில் படவே இல்லை.

முதல் கேள்விக்குக் கிடைக்கும் விடையும் பெரும்பாலும் நேர்மையானதாக இருப்பதில்லை. சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கும் விமானத்தைத் தனியார் வகையில் பதிய வேண்டும். அதில் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றக் கூடாது. வாடகைக்கு விடுவதென்றால், கால அட்டவணையில்லாச் சேவைக்கான அனுமதி பெற வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல், சொந்தப் பயன்பாட்டு விமானத்தின் மீது 40 விழுக்காடு ஜி.எஸ்.டி.; மற்றவற்றின் மீது 5 விழுக்காடு. நூறு கோடி ரூபாய் விமானம் ஒன்றில் இந்த ஒரு வரியின் வேறுபாடே 35 கோடி. முதலாளி எந்த வகையைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லவும் வேண்டுமா? குழுமத்திற்குள்ளேயே ஒரு துணை நிறுவனத்தைத் தொடங்கி, விமானத்தை அதன் பெயரில் வாங்கி, வாடகைச் சேவை அனுமதியையும் பெற்றுவிட்டால், முதலாளி தம் சொந்த விமானத்தின் வாடிக்கையாளராகிவிடுகிறார். விமானத்திற்கு வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 40 விழுக்காடு தேய்மானம் என்ற சலுகை வேறு.

சுங்க வரியிலும் இதே கதைதான். 2007ஆம் ஆண்டு இறக்குமதி விமானங்களுக்கு வரி போட்ட ஒன்றிய அரசு, சில வாரங்களிலேயே வாடகைச் சேவைக்கானவற்றுக்கு விலக்கு அளித்தது. சொந்தப் பயன்பாட்டுக்கு எடுப்பதில்லை என்ற உறுதிமொழி மட்டும் போதும் என்றது. உறுதிமொழி மீறப்பட்டதாகச் சுங்கத் துறை பல பெருநிறுவனங்கள் மீது வழக்கு தொடுத்தது. 2022 ஆகஸ்டில் சுங்க மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் பெரிய அமர்வு இறக்குமதியாளர்கள் பக்கம் நின்றது: குழும நிறுவனங்களுக்கே கட்டணத்தின் பேரில் பறந்தாலும் அது வாடகைச் சேவைதான், டி.ஜி.சி.ஏ. கொடுத்த அனுமதியைச் சுங்க அதிகாரிகள் துருவ முடியாது. 2014 மே 22 அன்று நரேந்திர மோடி பிரதமர் பொறுப்பேற்க அகமதாபாத்திலிருந்து தில்லிக்குப் பறந்து வந்தது அதானி குழும விமானத்தில். அந்தக் குழுமத்தின் விமானங்களும் ‘கர்ணாவதி ஏவியேஷன்’ என்ற துணை நிறுவனத்தின் பெயரில்தான் பறக்கின்றன.

துணை நிறுவனம் வரியை மட்டும் மிச்சப்படுத்துவதில்லை. விபத்து நேர்ந்தால் வழக்கைச் சந்திக்க வேண்டியதும் அந்தத் துணை நிறுவனமே. அதன் சொத்து என்று இருப்பது பெரும்பாலும் விமானம் மட்டும்தான். விழுந்தபின் அதுவும் இருப்பதில்லை.

இது வெறும் கற்பனை அச்சமில்லை. 2011 மே 25 இரவு, பாட்னாவிலிருந்து நோயாளியோடு தில்லி நோக்கி வந்த ஒற்றை எஞ்சின் சிறு விமானம் ஃபரிதாபாத்தின் பர்வதியா காலனி வீடுகள் மீது விழுந்தது. விமானத்தில் இருந்த ஏழு பேரோடு, தரையில் இருந்த மூன்று பெண்களும் மாண்டனர். 2018 ஜூன் 28 அன்று மும்பை காட்கோபரில் விழுந்த கிங் ஏர் விமானம், ஒரு காலத்தில் உத்தரப்பிரதேச அரசுக்குச் சொந்தமாக இருந்து தனியார் நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. பழுது பார்த்து முடித்துச் சோதனைக்காகப் பறக்க விடப்பட்ட அது, நெருக்கமான குடியிருப்புப் பகுதியில் கட்டுமானப் பணி நடந்துகொண்டிருந்த இடத்தில் விழுந்தது. விமானத்தில் இருந்த நால்வரோடு, தெருவில் நடந்துசென்ற ஒருவரும் உயிரிழந்தார். கட்டுமானத் தொழிலாளர்கள் மதிய உணவுக்குப் போயிருந்தார்கள். அரை மணி நேரம் முன்பின்னாக நடந்திருந்தால் சாவுக் கணக்கு எங்கே போயிருக்கும்?

2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்தில் தரையில் இருந்த 19 பேர் இறந்தனர். பயணிகளின் குடும்பங்களுக்கு, மான்ட்ரியல் உடன்படிக்கையை ஏற்ற இந்தியச் சட்டத்தின்கீழ், தவறை நிரூபிக்காமலேயே ஒரு வரம்பு வரை இழப்பீடு பெறும் உரிமை உண்டு. விடுதி உணவுக்கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாணவரின் குடும்பத்திற்கு அந்த உரிமை இல்லை. அவர் பயணச்சீட்டு வாங்கவில்லை. டாடா குழுமம் 1 கோடி ரூபாய் அறிவித்தது. அது அந்த நிறுவனத்தின் அறிவிப்பேயன்றிச் சட்டத்தின் கட்டளை அன்று. உலகமே பார்த்துக்கொண்டிருந்த விபத்து அது. தூமனூரிலோ சேம்புக்கரையிலோ விழும் ஹெலிகாப்டரை எந்தத் தொலைக்காட்சி காட்டப் போகிறது?

இந்த ஓட்டை தற்செயலாக விழுந்ததும் அன்று. பிரிட்டன் 1920ஆம் ஆண்டு நிறைவேற்றிய விமானப் பயணச் சட்டத்தின் 9ஆம் பிரிவுக்கு இரண்டு கால்கள். நியாயமான உயரத்தில் விமானம் பறப்பதை மட்டும் காரணமாகக் காட்டி, கீழே நிலம் வைத்திருப்பவர் அத்துமீறல் வழக்கோ தொல்லை வழக்கோ போடக் கூடாது என்பது முதல் கால். அதற்கு ஈடாக, விமானத்தாலோ அதிலிருந்து விழும் பொருளாலோ தரையில் இருப்பவருக்குச் சேதம் நேர்ந்தால், அலட்சியத்தை நிரூபிக்காமலேயே விமான உரிமையாளர் இழப்பீடு தர வேண்டும் என்பது இரண்டாம் கால். 1934இல் இந்தியாவுக்கு விமானச் சட்டம் எழுதிய அதே பிரிட்டிஷ் ஆட்சி, 17ஆம் பிரிவில் முதல் காலை மட்டும் நட்டது, இரண்டாவதை வெட்டிவிட்டது. ஆங்கிலேய விவசாயியின் கூரைக்கு விலை உண்டு, இந்திய விவசாயியின் கூரைக்கு இல்லை என்பதே அதன் பொருள்.

காலனியச் சட்டங்களைத் துடைத்தெறிகிறோம் என்று முழங்கி, இந்தி பேசாத மாநில உறுப்பினர்களின் எதிர்ப்பையும் மீறி வடமொழிப் பெயரோடு 2024இல் புதுச் சட்டம் கொண்டுவந்த பா.ஜ.க. அரசு, இந்தப் பாகுபாட்டைத் திருத்தியிருக்க வேண்டாமா? வழக்குத் தடையைப் பத்திரமாகப் புதுச் சட்டத்திற்குள் எடுத்து வைத்துக்கொண்டது. இழப்பீட்டுப் பொறுப்பை எழுதவில்லை. தரையில் இருப்போருக்கான இழப்பீடு பற்றிய 1952 ரோம் உடன்படிக்கையிலும் இந்தியா உறுப்பு நாடாகவில்லை.

அப்படியானால் எளியவருக்கு எஞ்சுவது சாதாரண உரிமையியல் வழக்கு. கோரும் தொகைக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். விமானியின் தவறா, பராமரிப்பின் தவறா, உதிரி பாகத்தின் தவறா என்பதை அட்டப்பாடியின் விவசாயத் தொழிலாளி நிரூபிக்க வேண்டும். விபத்தின் காரணத்தை ஆராயும் அரசுப் புலனாய்வு அமைப்போ, பழியையோ பொறுப்பையோ சுமத்துவது தன் நோக்கம் அன்று என்ற விதிக்குக் கட்டுப்பட்டது.

‘எல்லா விமானங்களுக்கும் இன்சூரன்ஸ் இருக்கிறதே’ என்று விமானத் துறையினர் சொல்லக்கூடும். வாடகைச் சேவை அனுமதிக்கு மூன்றாம் நபர் காப்பீடு வேண்டும் என்பது உண்மை. ஆனால் அந்தக் காப்பீடு யாருக்குக் காப்பு? உரிமையாளர் பொறுப்பாளி என்று நீதிமன்றம் சொன்ன பிறகுதான் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பை அவிழும். பொறுப்பையே சட்டம் நிறுவாதபோது பாலிசி இருந்தென்ன பயன்? ஜீப்புக்கு இருப்பது காப்பீடு மட்டுமன்று. அதைப் பாதிக்கப்பட்டவர் கைக்குக் கொண்டுசேர்க்கும் சட்டமும் தீர்ப்பாயமும் சேர்ந்தே இருக்கின்றன. இத்தகைய விபத்துகள் மிக அரிது என்ற வாதமும் வரும். அரிது என்றால் பிரீமியமும் குறைவு; பிறகு ஏன் தயக்கம்?

முடியாத காரியம் என்று யாரும் சொல்லவும் இயலாது. 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகளில் 44ஆம் விதி, மிகச் சிறியவை நீங்கலாக எல்லா டிரோன்களுக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் மூன்றாம் நபர் காப்பீட்டு, இழப்பீட்டு ஏற்பாடுகளைப் பொருத்தியிருக்கிறது. ஆனைகட்டி வாழைத் தோட்டத்தில் மருந்து தெளிக்கும் டிரோன் ஒருவர் தலையில் விழுந்தால் அவருக்குச் சட்டம் உண்டு. பல டன் எடையும் எரிபொருளும் கொண்ட ஜெட் விழுந்தால் இல்லை. டிரோன் வைத்திருப்பவர் சிறு தொழில்முனைவோர். ஜெட் வைத்திருப்பவர் யார் என்பதைத் தவிர இந்த வேறுபாட்டுக்கு வேறு விளக்கம் கிடையாது.

கடன் கொடுத்தவர்களின் நலன் என்று வரும்போது இதே அரசு எவ்வளவு விரைவாக ஓடுகிறது! கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் 2023 மே மாதம் திவாலானபோது, வெளிநாட்டுக் குத்தகை நிறுவனங்களின் விமானங்கள் இங்கே முடங்கின. அக்டோபரிலேயே விமானங்களுக்குத் திவால் சட்டத்தின் கடன் நிறுத்தம் பொருந்தாது என்று அறிவிக்கை வந்தது. 2025 ஏப்ரலில் நாடாளுமன்றம் தனிச் சட்டமே நிறைவேற்றியது: உரிமையாளர் கடனைக் கட்டத் தவறினால், அதிகபட்சம் இரண்டு மாதத்தில் விமானம் கடன் கொடுத்தவர் கைக்குப் போக வேண்டும். தனியார் ஜெட் விமானங்களுக்கும் இது பொருந்தும். முன்கூட்டியே அதிகாரப் பத்திரம் பெற்றிருக்கும் கடன்காரர் கேட்டால், ஐந்து வேலை நாட்களில் பதிவை நீக்கித் தர 30ஆம் விதியிலேயே இடம் இருக்கிறது. விஜய் மல்லையாவின் சொகுசு விமானத்தைச் சேவை வரிப் பாக்கிக்காக 2013இல் கைப்பற்றிய அரசுத் துறை, அதை விற்று முடிக்க 2018 ஆனது. கிங்ஃபிஷர் ஊழியர்கள் சம்பளப் பாக்கிக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். இரண்டு மாதம் என்ற கெடு அவர்கள் யாருக்கும் எழுதப்படவில்லை.

பணக்காரரின் விமானப் பதிவு உழைக்கும் மக்களின் பிரச்சினையா என்று தோழர்களே கேட்கக்கூடும். மலைக்கு வருவது பணக்காரரின் விமானமே என்பதால்தான் அது பிரச்சினையாகிறது. 2023 மே மாதம் உதகைக் கோடை விழாவையொட்டித் திட்டமிடப்பட்ட ஹெலிகாப்டர் சுற்றுலாவை, காட்டுயிர்களுக்கு நேரும் இடையூறு குறித்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. யானைகளுக்காகவும் பறவைகளுக்காகவும் வாதாட வழி இருந்தது நல்லது. அதே நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தில் வாழும் பழங்குடிகளின் கூரைக்காக வாதாடச் சட்டத்தில் பிடிமானம் இல்லை. கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசும் 2023 இறுதியில் ஹெலி சுற்றுலாவைத் தொடங்கிவைத்தது. வயநாட்டின் ஊர்களும் இடுக்கியின் தேயிலைத் தோட்ட லயங்களும் அந்த வானத்தின் கீழேதான் இருக்கின்றன. சுற்றுலா வருமானத்தைக் கணக்கிட்டவர்கள் லயத்துத் தகரக் கூரையையும் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும். நட்புக் கட்சியின் அரசு என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது.

விமானப் போக்குவரத்து ஒன்றியப் பட்டியலில் இருப்பதால், 1920 சட்டத்தின் வெட்டப்பட்ட இரண்டாம் காலைச் சேர்க்கும் திருத்தத்தை நாடாளுமன்றத்தில்தான் கொண்டுவர வேண்டும். இடதுசாரி உறுப்பினர்கள் தனிநபர் மசோதாவாக அதை முன்வைக்கலாம். விமானம் யாருடைய துணை நிறுவனத்தின் பெயரில் இருந்தாலும் தாய் நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும் என்பதும், டிரோனுக்கான 44ஆம் விதியைப் போல மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்திலேயே மனு கொடுக்கலாம் என்பதும் அதில் இடம்பெற வேண்டும். ஆனால் ஹெலிபேட் அமைவது மாநிலத்தின் மண்ணில். அந்த மண்ணைக் கொடுக்கும்போது நிபந்தனை போட ஒன்றியத்தின் தயவு தேவையில்லை. கோவை, பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் ஓய்வு விடுதிக்கோ எஸ்டேட்டுக்கோ ஹெலிபேட் கேட்டு வரும் விண்ணப்பத்தைக் கிராம சபையின் முன் வைக்க வேண்டும். வன உரிமைச் சட்டம் பொருந்தும் இடத்தில் அதன் ஒப்புதல் இல்லாமல் ஓரடி நிலமும் கொடுக்கக் கூடாது. தவறை நிரூபிக்காமலேயே தரையில் இருப்போருக்கு இழப்பீடு தருவதாக, தாய் நிறுவனத்தின் கையெழுத்தோடு உறுதிப் பத்திரமும் அதற்கான காப்பீடும் விண்ணப்பத்தோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும். இரு மாநிலங்களிலும் கிளைகள் கூடும் அடுத்த கிராம சபைகளில் இந்தத் தீர்மானத்தைக் கொண்டுவரத் தடையேதும் இல்லை.