மேசைக்கு வந்த 59 மனுக்கள்

மரண தண்டனை வேண்டுமா, வேண்டாமா என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர்க்கு விடை உடனே நாவில் வந்து நிற்கும். காலைச் செய்தித்தாளில் கொடுமை ஒன்றைப் படித்த அன்று, 'இவனைத் தூக்கிலிட வேண்டும்' என்போம். தவக்காலப் பிரசங்கம் ஒன்றைக் கேட்டுத் திரும்பிய அன்று, 'மன்னிப்பே மேல்' என்போம். நம் சொல்லால் எவரும் சாகப் போவதில்லை. எவரும் பிழைக்கப் போவதுமில்லை. ஆகவே நமக்கு அது எளிது. தம் கையெழுத்தொன்றால் ஒருவன் சாகவோ பிழைக்கவோ கூடும் என்ற நாற்காலியில் எட்டு ஆண்டுகள் அமர்ந்திருந்த ஒரு கத்தோலிக்க அரசியல்வாதியைப் பற்றி இம்மாதம் சிந்திக்க விரும்புகிறோம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1959 முதல் 1967 வரை கவர்னராக இருந்தவர் எட்மண்ட் பிரௌன். மக்கள் அவரைப் 'பாட்' பிரௌன் என்றே அழைத்தனர். நம் நாட்டில் கருணை மனுவின்மீது கவர்னர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே முடிவு செய்ய வேண்டும். அங்கோ கவர்னர் மக்களால் நேரே தேர்ந்தெடுக்கப்படுபவர், முடிவும் அவருடையதே. நீதிமன்றங்கள் எல்லாம் கைவிட்ட பின்னர், சாக்ரமென்டோ நகரில் அவருடைய மேசைக்குக் காகிதக் கட்டு வந்து சேரும். அவ்வாறு அவரிடம் வந்தவை 59. அவற்றுள் 23 பேருக்கு அவர் உயிர்ப்பிச்சை அளித்தார். 36 பேர் சான் க்வென்டின் சிறையின் நச்சுவாயு அறைக்குள் அனுப்பப்பட்டனர்.

இந்த 36 என்ற எண்ணை மட்டும் பார்ப்பவர், இவர் மரண தண்டனையை ஆதரித்தவர் போலும் என்று எண்ணக்கூடும். முன்பு ஆதரித்தவர்தாம். சான் பிரான்சிஸ்கோவில் அரசுத் தரப்பு வழக்கறிஞராக இருந்த நாட்களில் அத்தண்டனையைக் கேட்டு வாதாடும் பொறுப்பு அவருடையதாய் இருந்தது. ஆனால் கவர்னர் ஆன பின் அது தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார். சட்டத்தையே நீக்க முயன்றார். அப்படிப்பட்டவரின் காலத்தில்தான் 36 பேர் மாண்டனர். இம்முரண்பாடே நம்மை அவரிடம் இழுத்தது.

காரில் செஸ்மன் என்னும் கைதியின் கதை அக்காலத்தில் உலகெங்கும் பேசப்பட்டது. 1948-இல் வழிப்பறி, பாலியல் கொடுமை, ஆட்கடத்தல் ஆகிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டவர் அவர். கொலைக் குற்றம் அதில் இல்லை. பெண்ணொருத்தியை அவளது காரிலிருந்து சில அடி தூரம் இழுத்துச் சென்றது 'கடத்தல்' ஆயிற்று. கடத்திக் காயப்படுத்தினால் மரணம் என்றது அன்றைய சட்டம். ஏறத்தாழ 12 ஆண்டுகள் அவர் மரணக் கைதியாகவே கிடந்தார். சிறைக்குள்ளிருந்தே சட்டம் பயின்றார்; நூல்கள் எழுதினார்; நிறைவேற்றும் நாள் குறிக்கப்பட்டு ஒத்திவைக்கப்படுவது வாடிக்கையாகிவிட்டது. தாம் குற்றமற்றவர் என்று இறுதிவரை சாதித்தார். நல்ல மனிதர் என்று அவரை நாம் சொல்ல வரவில்லை. அப்பெண்கள் பட்ட துயரத்தை அவருடைய நூல்களின் புகழ் மறைத்துவிட்டது என்பதே நம் எண்ணம்.

1960 பிப்ரவரி 19 காலை அவர் சாக வேண்டும். முந்தின நாள் இரவு பிரௌனுக்கு அவருடைய மகன் ஜெர்ரியிடமிருந்து தொலைபேசி வந்தது. ஜெர்ரிக்கு அப்போது வயது 21. இயேசு சபையின் நவசந்நியாச மடத்திலிருந்து வெளியேறிச் சில வாரங்களே ஆகியிருந்தன. தண்டனையைக் குறைக்கத் தமக்கு அதிகாரம் இல்லை என்றார் தந்தை. அது உண்மையே. இருமுறை குற்றவாளியென்று தீர்க்கப்பட்டவர்க்கு மாநில உச்ச நீதிமன்றம் இசைந்தாலன்றிக் கவர்னர் கருணை காட்ட இயலாது. அந்நீதிபதிகளோ 4-க்கு 3 என்ற கணக்கில் மறுத்துவிட்டனர். நாட்களைத் தள்ளிப்போட்டுச் சட்டமன்றத்தைக் கூட்டி, மரண தண்டனையையே நீக்கும்படி கேட்கலாமே என்றார் மகன். சட்டமன்றம் இசையாது என்பது தந்தைக்குத் தெரியும். ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு இருந்தாலும் அதை விடலாகாது என்று மகன் மன்றாட, தந்தை இசைந்தார். அறுபது நாள் தவணை கிடைத்தது. குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் தென் அமெரிக்கா செல்லும் வேளையில் அங்கே கிளர்ச்சி எழக்கூடும் என்ற தந்தியொன்றையும் கவர்னர் காரணமாகக் காட்டினார். இது நமக்கு வருத்தமே. மனச்சாட்சி சொன்ன காரணம் ஒன்றே போதுமே. அதற்கு அரசியல் போர்வை எதற்கு?

சட்டமன்றம் கூடியது. மேலவைக் குழுவில் 8-க்கு 7 என்ற கணக்கில் மசோதா வீழ்ந்தது. மே 2-ஆம் நாள் செஸ்மன் நச்சுவாயு அறைக்குள் அமர்த்தப்பட்டார். கடைசி நேரத்தில் நீதிபதி ஒருவர் சிறிது நேரம் நிறுத்திவைக்க இசைந்தார் என்றும், சிறைக்குத் தொலைபேசியில் பேச முயன்ற அவருடைய செயலர் எண்ணைத் தவறாகச் சுழற்றினார் என்றும், மீண்டும் அழைத்தபோது நஞ்சு விழுந்துவிட்டது என்றும் அன்றே செய்தி வந்தது. பிரௌனை ஒரு சாரார் இரக்கமற்றவர் என்றனர். மறு சாராரோ முதுகெலும்பற்றவர் என்றனர். பொது இடங்களில் அவரைக் கண்டதும் மக்கள் கூச்சலிட்டனர். 1966 தேர்தலில் ரொனால்டு ரீகனிடம் அவர் தோற்றதற்குக் காரணங்கள் பல. இதுவும் அவற்றுள் ஒன்று.

செஸ்மன் வழக்கில் சட்டம் அவர் கைகளைக் கட்டியிருந்தது எனலாம். சட்டத்தைக் காப்பேன் என்று ஆணையிட்டவர், தமக்குப் பிடிக்காத சட்டத்தை ஒதுக்கிவிடலாமா என்று கேட்பாரும் உளர். அது நேர்மையான கேள்வி. அன்று திருச்சபையின் மறைக்கல்வியும் அரசுக்கு அவ்வுரிமை உண்டென்றே போதித்து வந்தது. மரண தண்டனை ஏற்கத்தக்கதன்று எனத் திருத்தந்தை பிரான்சிஸ் அதைத் திருத்தியது 2018-இல்தான். ஆகவே பிரௌன் தம் மனச்சாட்சியோடு ஏறக்குறையத் தனியாகவே நின்றார் எனலாம்.

ஆனால் வேறொரு வழக்கு உண்டு. ஆறு வயதுச் சிறுமியொருத்தியைக் கொன்றவன் அவன். அவன் மனநிலை பற்றி ஐயங்கள் இருந்தன; பிரௌன் உயிர்ப்பிச்சை அளிக்கும் எண்ணத்திலேயே இருந்தார். அவ்வேளையில் விவசாயக் கூலிகளின் ஊதியம் பற்றிய மசோதா ஒன்று சட்டமன்றத்தில் இருந்தது. அக்கொலை நடந்த பகுதியின் உறுப்பினரது வாக்கு அதற்குத் தேவை. கொலைகாரனைக் காப்பாற்றினால் அவ்வாக்கு கிடைக்காது. கவர்னர் மனுவைத் தள்ளினார். 1961-இல் அவன் மாண்டான்.

இதைக் கேட்டவுடன் நமக்குத் தலைமைக் குரு கைப்பாஸ் போட்ட கணக்கு நினைவுக்கு வராமற் போகாது. ஆயினும் கல்லெறியுமுன் சற்று நிற்போம். வெயிலில் குனிந்து காய்கனி பறிக்கும் ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்களின் சோறு அக்கணக்கின் மறுபக்கம் இருந்தது. மாண்ட அச்சிறுமியின் குடும்பமும் அத்தகைய கூலிக் குடும்பமே. கெட்ட நோக்கத்திற்காக அவர் பேரம் பேசவில்லை. நல்லதொன்றுக்காகவே பேசினார். அதனால் அது பேரம் அன்று என்று ஆகிவிடாது. அந்த 36 பேரில் எத்தனை பேருக்காக நாம் அவரை மன்னிக்க இயன்றாலும், இவ்வொருவனுக்காக மன்னிப்பது நமக்குக் கடினமாயிருக்கிறது. அவராலும் தம்மை மன்னிக்க இயலவில்லை என்றே தோன்றுகிறது.

தராசின் மறுதட்டையும் காட்டாவிடில் நாம் நேர்மையற்றவர் ஆவோம். 1959-இல் அவர் உயிர்ப்பிச்சை அளித்தவர்களுள் ஒருவன், பெண்களைத் தாக்கியதற்காக மரண தண்டனை பெற்றிருந்தவன். பல ஆண்டுகளுக்குப் பின் பரோலில் வெளியே விடப்பட்டான். 1975-இல் ஒரு பெண்ணைக் கொன்றான். பிரௌனின் கையெழுத்து இல்லாதிருந்தால் அப்பெண் உயிரோடிருந்திருப்பாள். அவளுடைய வீட்டாரிடம் போய் இரக்கத்தைப் பற்றிப் பேச நமக்கு நாக்கு எழுமா? எழாது. சிறைக்குள் வைத்திருக்க வேண்டியவனை வெளியே விட்ட தவறு வேறு, அவனைக் கொல்லாமல் விட்டது வேறு என்று வாதிடலாம். வாதம் சரிதான். துக்க வீட்டில் அது எடுபடாது.

மகன் ஜெர்ரி பின்னர் அதே நாற்காலியில் அமர்ந்து, 1977-இல் மரண தண்டனையை மீண்டும் கொணரும் மசோதாவுக்கு ஒப்புதல் மறுத்தார். சட்டமன்றம் அதை மீறி நிறைவேற்றியது. அம்மாநில மக்கள் 2012-இலும் 2016-இலும் நடந்த வாக்கெடுப்புகளில் அச்சட்டத்தை நீக்க மறுத்தனர். 2019-இல் கவர்னர் கேவின் நியூசம் தம் காலத்தில் நிறைவேற்றம் இராது என ஆணையிட்டு, நச்சுவாயு அறையையும் மூடச் செய்தார்.

தந்தை பிரௌன் 1989-இல், எண்பது வயதைக் கடந்த நிலையில், அம்மனுக்களைப் பற்றியே ஒரு நூல் வெளியிட்டார். விவசாயக் கூலிகளின் மசோதாவுக்காகக் கைவிட்டவனையும், தாம் காப்பாற்றியபின் கொலை செய்தவனையும் அதில் மறைக்காது எழுதினார். ஒவ்வொரு முடிவும் தம்மிடமிருந்து எதையோ எடுத்துச் சென்றதென்றும் அது திரும்பி வரவேயில்லை என்றும் கூறினார். கருத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. 1996-இல் அவர் காலமானார்.