உப்பளத்தின் ஓரமும் ஒரு பாதைதான்

தமிழில் நடைப்பயண இலக்கியம் இல்லை, தமிழர்க்கு நடக்கும் பண்பாடே இல்லை என்னும் புலம்பல் இலக்கிய அன்பர்களிடையே ஓயாமல் ஒலிக்கிறது. இதற்குச் சான்றாக அவர்கள் ஏந்தி வரும் நூல் ரேனர் வின் எழுதி 2018-இல் வெளிவந்த ‘தி சால்ட் பாத்’. வீட்டை இழந்த ஒரு தம்பதியர் இங்கிலாந்தின் 630 மைல் நீளத் தென்மேற்குக் கடற்கரைப் பாதையில் நடந்து, இருட்டிய இடத்தில் கூடாரம் அடித்து உறங்கிய கதை அது. அதில் உள்ளவை யாவும் மெய்தானா என்று 2025 ஜூலையில் ‘அப்சர்வர்’ ஏடு ஐயம் எழுப்பியதும் ஆசிரியர் அதனை மறுத்ததும் வேறு செய்தி. நமக்கு அந்நூலோடு வழக்கில்லை. அதைப் படித்துக் கண் கலங்கியவர்கள் தம் ஊர்ச் சாலையில் நடப்பவர்களைக் காண மறுக்கிறார்களே, அதுதான் வழக்கு.

தைப்பூசத்திற்குச் சில நாள் முன்பாகச் சாத்தூர்ச் சாலையில் ஒரு மாலைப்பொழுது நின்று பாருங்கள். பச்சை உடுத்தி, தலையில் பையைச் சுமந்து, காலணி இன்றிக் கூட்டம் கூட்டமாக நடக்கிறார்கள். பெரும்பாலோர் உழைக்கும் மக்கள். ‘பயர் ஆபீஸ்’ என்று ஊரார் சொல்லும் பட்டாசு ஆலைகளிலும், தீப்பெட்டி ஆலைகளிலும், அச்சகங்களிலும் வேலை செய்வோர் அவர்களுள் உண்டு. செய்த உருப்படிக்குக் கூலி பெறுகிறவருக்கு நடக்கும் நாளெல்லாம் கூலியற்ற நாள். சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம், தூத்துக்குடி வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து திருச்செந்தூர்க் கடலில் கால் நனைக்கிறார்கள். கரிசல் காட்டின் பகல் வெயிலுக்கு அஞ்சி இரவில் நடை. உறக்கம் கிடைத்த இடத்தில்: பள்ளிக்கூடத் தாழ்வாரம், மண்டபத்துத் திண்ணை, அதுவும் இல்லையேல் சாலையோரம் விரித்த துண்டு. தூத்துக்குடி தாண்டி முள்ளக்காட்டுப் பக்கம் வந்தால் உப்பளங்கள், வெள்ளைக் குவியல்கள், உப்புக்காற்று. பிறகு பழையகாயல், முக்காணி, ஆத்தூர், ஆறுமுகநேரி. உப்புப் பாதை என்று சொல்ல இதைவிடப் பொருத்தமான பாதை உண்டா?

“இது பக்தி, அது பயணம்” என்று பிரித்துக் காட்டுவோர் உள்ளனர். ஸ்பெயினின் சந்தியாகோ தேவாலயத்திற்கு நடக்கும் பாதையும் பக்தியில் பிறந்ததே. 1993-இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அங்கு நடப்பவரை ‘யாத்திரிகர்’ என்று மதிப்போடு எழுதுகிற பேனா, சிவகாசிக்காரரை மட்டும் ‘கூட்டம்’ என்று எழுதுவது ஏன்? பக்தியை ஏற்காதவரும் கால்களை மதிக்கலாம்.

இலக்கியம் இல்லை என்பதோ இன்னும் வேடிக்கை. பத்துப்பாட்டில் ஐந்து, ஆற்றுப்படை வகையைச் சேர்ந்தவை. ‘ஆறு’ என்றால் வழி. முதலாவதான திருமுருகாற்றுப்படை காட்டும் தலங்களுள் திருச்சீரலைவாய் என்பதே இன்றைய திருச்செந்தூர். சிறுபாணாற்றுப்படையில் கொற்கையைச் சொல்லும் இடத்தில் உமணரின் உப்பு வண்டியும், அவர்தம் பிள்ளைகளோடு விளையாடும் மந்தியும் வருகின்றன. அந்தக் கொற்கை மேற்சொன்ன பாதைக்கு அருகிலேயே இருக்கிறது. மலைபடுகடாம் எந்த வழியில் என்ன இடர், இரவு எங்கே தங்கலாம், யார் சோறு இடுவார் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போகிறது. இவற்றைத் தேர்வுக்குரிய பத்து மதிப்பெண் வினாவாகச் சுருக்கிவிட்டுப் பிறகு மரபு இல்லை என்று ஏங்குகிறோம்.

வழிநடப்பவருக்குச் சோறும் இடமும் தருவது எத்தனை பெரிய செயல் என்பதை 1930 ஏப்ரலில் வெள்ளை ஆட்சி அறிந்திருந்தது. இராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யம் கடற்கரைக்கு உப்பெடுக்க நடந்தபோது, அவர்களுக்கு உணவோ தங்க இடமோ தருவோர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை கலெக்டர் தார்ன் ஆணையிட்டார். மக்கள் அதை மீறி உணவளித்தனர்.

இன்று ஆணை ஏதுமில்லை, சாலையே போதும். நான்கு வழிச்சாலைக்காக நிழல் மரங்கள் சாய்க்கப்பட்டன. நடப்பவர் சரக்கு லாரிக்கும் வெள்ளைக் கோட்டுக்கும் இடையில் நடக்கிறார். முதுகில் ஒளிரும் ஒட்டுவில்லை ஒட்டுவதோடு பாதுகாப்பு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆண்டுதோறும் பாதயாத்திரை சென்றவர் மீது வாகனம் மோதிய செய்தியைப் படிக்கிறோம், மறுநாள் மறக்கிறோம். பெண்கள் நிலை இன்னும் கொடிது. விடியுமுன் ஒதுங்க வேலிக்கருவை மறைப்புத்தான் கழிப்பறை.

இங்கிலாந்தில் 2009-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நாட்டின் கடற்கரை முழுவதையும் சுற்றி நடைபாதைக்கு வழி செய்தது. டார்ட்மூர் பொதுநிலத்தில் இரவு கூடாரம் அடிக்கும் உரிமை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் வரை சென்று நிலைபெற்றது. நடப்பவரும் வானத்தின் கீழ் உறங்குபவரும் உரிமையுடைய குடிமக்கள் என்பது அங்கே வாதிட்டு வென்ற செய்தி. அந்நூலை வியப்போர் இந்தப் பகுதியைப் பற்றி ஏனோ பேசுவதில்லை.

தமிழ்நாடு அரசும் நடப்பவரை அறியாததன்று. 2024 அக்டோபரில் 40 மலையேற்றத் தடங்களைத் திறந்து, இணையத்தில் கட்டணம் செலுத்திப் பதிவு செய்ய வழி வகுத்தது. நன்று, 2018 குரங்கணித் தீக்குப் பிறகு அத்தகைய ஒழுங்கு தேவையே. பழனி செல்லும் சாலையில் பாதயாத்திரையினருக்கென நடைபாதை அமைத்ததும் உண்டு. அப்படியானால் கரிசல் பூமியிலிருந்து கடற்கரை வரை ஏன் இயலாது? பழைய சத்திரங்களைத் திரும்பக் கொண்டுவா என்று நாம் கேட்கவில்லை. அவற்றுள் பல சாதி பார்த்துத் திறந்த கதவுகள். ஒலிபெருக்கி கட்டிய வண்டியோடு ஊரை எழுப்பிச் செல்வோருக்கும், உண்ட தட்டை வயலில் எறிவோருக்கும் நாம் வக்காலத்து வாங்கவில்லை. கேட்பது சிறிது: தார்ச்சாலையை விட்டு விலகிய ஒரு மண்பாதை, அதன் ஓரம் புங்கும் வேம்பும், குடிநீர், பெண்களுக்குப் பூட்டு உள்ள கழிப்பறை, ஒரு நாள் நடைக்கு ஒன்றாகக் கூரை மட்டுமாவது உள்ள தங்குமிடம்.

இதற்கு ஒரு மனு எழுதக்கூட நம் எழுத்தாளர் எவருக்கும் தோன்றவில்லை. ‘தி சால்ட் பாத்’ நூலுக்கோ வாசகர் கூட்டம் நடத்துகிறோம்.