லேசர் கண்ணாடியைக் கழற்ற மட்டும்தானா?

"லேசர்" என்றதும் கல்லூரி மாணவர்களுக்கு நினைவுக்கு வருவது மூக்குக் கண்ணாடியைத் தூக்கி எறிவதுதான். கல்யாணத்துக்கு முன் செய்துகொள்ளலாமா, எவ்வளவு செலவாகும், வலிக்குமா என்று விசாரிக்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களுக்கோ லேசர் என்றால் கண்புரை ஆபரேஷன். ஆனால் புதுச்சேரிக்கு லேசர் அதிகம் தேவைப்படுவது இந்த இரண்டுக்கும் அல்ல. சர்க்கரை நோயாளிகளின் பார்வையைக் காப்பாற்றத்தான்!

காரணம் ஒரே ஒரு எண். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவுடன் சென்னை நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் நாடு முழுக்க நடத்திய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. நாட்டின் சராசரி 11.4 சதவீதம். புதுச்சேரியிலோ 26.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு. கோவாவுக்கு (26.4) அடுத்த இடம். அதாவது, பெரியவர்களில் நான்கு பேருக்கு ஒருவர்.

பெயரில் ஒரு குழப்பம்

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். கண்புரைக்கு இன்று பரவலாகச் செய்யப்படும் ஃபேக்கோ முறையில் புரையை உடைப்பது லேசர் அல்ல. அது அல்ட்ராசவுண்ட், அதாவது ஒலி அலை. ஆனாலும் "அம்மாவுக்கு லேசர் ஆபரேஷன் ஆச்சு" என்றுதான் ஊரில் பேச்சு. லேசரால் புரையை வெட்டும் கருவிகளும் உண்டு, ஆனால் அவற்றின் விலை மிக அதிகம். புரை எடுத்த சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ சிலருக்கு லென்ஸுக்குப் பின்னால் உள்ள சவ்வு மங்கிவிடும். அதில் சில நிமிடங்களில் துளையிட்டுப் பார்வையைத் தெளிவாக்குவது 'யாக்' லேசர்.

கண்ணாடியைக் கழற்ற உதவுவது எக்ஸைமர் லேசர். அதன் பின்னால் ஒரு தமிழர் இருக்கிறார். 1929-ல் சென்னையில் பிறந்த ரங்கசாமி சீனிவாசன், அமெரிக்காவின் ஐ.பி.எம். ஆய்வகத்தில் பணியாற்றியவர். 1981-ல் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டின் மேல் அந்தப் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினார். சுற்றியுள்ள திசு கருகாமல், கதிர் பட்ட இடம் மட்டும் சுத்தமாக நீங்கியது! ஜேம்ஸ் வின், சாமுவேல் புளூம் ஆகிய சக விஞ்ஞானிகளோடு அவர் கண்டறிந்த இந்த வித்தைதான் கருவிழியைச் செதுக்கும் லாசிக் சிகிச்சைக்கு அடிப்படை. 2013-ல் மூவரும் அமெரிக்க அதிபரிடம் விருது பெற்றார்கள்.

லாசிக்கைக் குறை சொல்லத் தேவையில்லை. 18 வயது தாண்டி, பவர் ஓராண்டாவது மாறாமல் இருந்து, கருவிழி போதிய தடிமனோடு இருந்தால் நல்ல பலன் தரும். ஆனால் கண்ணாடி போட்டாலும் வாழ்க்கை ஓடும். விழித்திரை போனால் ஓடுமா?

விழித்திரையில் நடப்பது என்ன?

சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுப்பாடின்றி இருந்தால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபடும், கசியும். ஆக்சிஜன் கிடைக்காத பகுதிகள் புதிய குழாய்களை வளர்க்கச் சொல்லி இரசாயனச் செய்தி அனுப்பும். அப்படி முளைக்கும் குழாய்கள் மிக மெல்லியவை. ஒருநாள் அவை உடைந்து கண்ணுக்குள் இரத்தம் கொட்டும். விழித்திரையே பிய்ந்து வரவும் கூடும்.

இங்கேதான் லேசர் வருகிறது. விழித்திரையின் ஓரப் பகுதியில், பல தவணைகளில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு புள்ளிகளாகச் சூடு வைக்கிறார்கள். ஓரத்தின் ஆக்சிஜன் தேவை குறைகிறது, புதிய குழாய்கள் சுருங்குகின்றன. ஓரத்தைக் கொஞ்சம் கொடுத்து நடுப்பார்வையைக் காக்கும் பேரம் இது. பக்கப் பார்வையும் இரவுப் பார்வையும் சற்றுக் குறையலாம். பெரும்பாலும் மரத்துப்போக சொட்டு மருந்து விட்டு, உட்கார வைத்தே செய்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கடும் பார்வை இழப்பை இது பாதிக்கு மேல் குறைக்கிறது என்று 1970-களிலேயே அமெரிக்க ஆய்வு காட்டிவிட்டது. இன்று கண்ணுக்குள் போடும் ஊசி மருந்துகளும் வந்துவிட்டன, விழித்திரையின் நடுவில் வரும் வீக்கத்துக்கு அவையே முதல் தேர்வு. ஆனால் ஊசிக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டும். அப்படி வர முடியாதவருக்கு லேசரே நம்பகமான துணை.

"லேசர் போட்டதாலே போச்சு"

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த லேசர் போன பார்வையைத் திருப்பித் தராது. இருப்பதைக் காப்பாற்றும், அவ்வளவுதான். நோயோ ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. "நல்லாத்தானே தெரியுது, எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று இருந்துவிட்டு, இரத்தம் கொட்டிய பிறகு ஓடி வருகிறார்கள். லேசர் வைத்தும் பார்வை தேறாதபோது "லேசர் போட்டதாலே போச்சு" என்று பழி அந்தக் கருவி மீது விழுகிறது. அதைக் கேட்டு அடுத்த வீட்டுக்காரரும் பயந்து தள்ளிப் போடுகிறார். இப்படித்தான் ஒரு நல்ல சிகிச்சை கெட்ட பெயர் வாங்குகிறது.

புதுச்சேரியில் வசதிக்குப் பஞ்சமில்லை. கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. தவளக்குப்பத்தில் 2003 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. மதுரையில் 1976-ல் 11 படுக்கைகளோடு டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்துக்குப் பெயர் கொடுத்தவரே, புதுவையில் வாழ்ந்த ஸ்ரீ அரவிந்தர்தான். கருவி தூரத்தில் இல்லை. நோயாளிதான் நேரத்துக்கு வருவதில்லை.

ஆகவே அவரை எதிர்பார்த்துக் காத்திருக்காமல், அவர் ஏற்கனவே வருகிற இடத்துக்குப் பரிசோதனை போக வேண்டும். சர்க்கரை மாத்திரை வாங்க மாதாமாதம் வரிசையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை அங்கேயே விழித்திரையைப் படம் எடுக்க வேண்டும். இதற்கான கேமராவை இயக்கக் கண் மருத்துவர் வேண்டியதில்லை, பயிற்சி பெற்ற உதவியாளர் போதும். சந்தேகப்படும் படத்தை மட்டும் மருத்துவர் பார்த்தால் போதும். செலவாகும் என்பது உண்மைதான். சம்பாதிக்கும் ஒருவர் பார்வை இழந்தால் அந்தக் குடும்பத்துக்கு ஆகும் செலவு அதைவிடப் பெரியது.

மாணவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. லாசிக் பற்றி விசாரிக்கப் போகும் நாளில், சர்க்கரை உள்ள அப்பாவையோ அம்மாவையோ கூடவே கூட்டிப் போகலாம். கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். சில மணி நேரம் வெளிச்சம் கூசும், எழுத்து மங்கலாகத் தெரியும். அதனால் வண்டியை அவர்கள் ஓட்டக் கூடாது, பிள்ளைகள்தான் ஓட்ட வேண்டும்.