புதன்கிழமை ஏழரை மணி



சென்ற புதன்கிழமை வீட்டுக்கூட்டம் முடிந்தபின் ஒரு விண்ணப்பம் என்னிடம் வந்தது. இரவு 7.30 மணிக்குத் தொடங்கும் கூட்டத்தை மாலை 6 மணிக்கு மாற்ற வேண்டும் என்பதே அது. பிள்ளைகளின் படிப்பு, இருட்டில் நடந்து வரும் சிரமம் என இரண்டு காரணங்கள் சொல்லப்பட்டன. நானும் நம்பினேன். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவர்தாம் உண்மையைச் சொன்னார்: "ஐயா, எட்டு மணிக்கு சீரியல் இருக்குல்ல, அதுக்குத்தான்."

விண்ணப்பத்தை நான் மறுக்கிறேன். நேரில் சொன்னால் சிலர் முகம் வாடும் என்று தயங்கும் பலவீனம் எனக்கு உண்டு. ஆகையால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஊரைப் பாருங்கள். பாடி தொழிற்சாலைகளால் வளர்ந்த ஊர். லூகாஸ், வீல்ஸ் இந்தியா, அம்பத்தூர் தொழிற்பேட்டை என நம் சபையாரில் பாதிப்பேர் ஷிப்டுக்குப் போகிறவர்கள். ஜெனரல் ஷிப்டு முடித்துப் பாடி மேம்பால நெரிசலைக் கடந்து வீடு சேரும் சகோதரனால் ஆறு மணிக்கு வர முடியுமா? தையல் கம்பெனியிலிருந்து வரும் சகோதரி ஆறு மணிக்கு எங்கே இருப்பார்? பேருந்துப் படிக்கட்டில் இருப்பார். உழைத்துக் களைத்து வருகிறவர்களை வெளியே நிறுத்தி, கதாநாயகியின் கண்ணீருக்கு நேரம் ஒதுக்கிக் கொடுப்பதுதான் நம் சபையின் ஒழுங்கா?

தொலைக்காட்சி நம் ஆராதனையோடு மோதுவது புதிதல்ல. சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. என் சிறு பிராயத்தில் வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிறு மாலையில் ஒரு திரைப்படம் என்று வந்தன. ஞாயிறு மாலை ஆராதனையில் பாயும் விளக்கும் போதகரும் மட்டும் மீதியாயிருந்த காட்சியை நான் மறக்கவில்லை. (அவ்வேளையில் பக்கத்து வீட்டு ஜன்னலோரம் நின்று படம் பார்த்த பையன்களில் நானும் ஒருவன், அதையும் மறைக்க வேண்டியதில்லை.) 1987 ஜனவரியில் இராமாயணத் தொடர் ஞாயிறு காலையில் வரத் தொடங்கியபோது காலை ஆராதனைக்கும் அதே கதி என்று மூப்பர்கள் அஞ்சினார்கள்.

ஆயினும் அந்நாளையத் தொலைக்காட்சிக்கு ஒரு நற்குணம் இருந்தது. அது முடிந்தது. இரவில் நிகழ்ச்சி நிறைவுற்றதென்று அறிவித்துவிடுவார்கள். பிறகு திரையில் புள்ளிகளும் இரைச்சலுமே. வீடு அடங்கும். 1993 ஏப்ரல் 14 அன்று தொடங்கிய சன் டிவியும் முதலில் நாளொன்றுக்குச் சில மணி நேரமே ஒளிபரப்பியது. பின்னர் அலைவரிசைகள் பெருகின. 2006 முதல் அரசாங்கமே ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாய் வழங்கியது. இன்று நாளும் இல்லை, முடிவும் இல்லை. விடியுமுன் பிரசங்கம், பிறகு ராசிபலன், சமையல், மதியத் தொடர், மாலைத் தொடர், இரவுத் தொடர், நடுநிசியில் பழைய படம். ராசிபலன் தொடங்கியதும் ஒலியைக் குறைத்துவிடுகிறோம் என்று சிலர் என்னிடம் சொல்வதுண்டு. படத்தை ஏன் அணைப்பதில்லை?

ஒரு சிறு கணக்கு. 2002 முதல் 2005 வரை ஓடிய 'மெட்டி ஒலி' எண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகள் கொண்டது. பகுதிக்கு அரைமணி என்றால், விளம்பரங்களோடு சேர்த்து நானூறு மணி நேரம். 66 ஆகமங்களும் 1,189 அதிகாரங்களும் அடங்கிய வேதாகமத்தை உரக்க வாசித்து முடிக்க ஏறத்தாழ எண்பது மணி நேரம் போதும். ஒரே ஒரு தொடரைப் பார்த்தவர் அந்நேரத்தில் வேதாகமத்தை ஐந்து முறை கேட்டிருக்கலாம். வாசிக்க நேரமில்லை ஐயா என்ற சொல்லை இனி என்னிடம் சொல்லும்போது இந்தக் கணக்கையும் உடன் கொண்டுவாருங்கள்.

அப்படியானால் அரசாங்கம் இத்தொடர்களைத் தடை செய்யட்டும் என்று நம்மில் சிலர் மனு எழுதக் கிளம்புவார்கள். அதுவும் வீண். பிரிட்டனில் அதைச் செய்து பார்த்துவிட்டார்கள். பிபிசியின் முதல் தலைமை இயக்குநர் ஜான் ரீத், ஸ்காட்லாந்துப் போதகர் ஒருவரின் மகன். ஞாயிறு காலையில் ஜனங்கள் ஆலயம் செல்ல வேண்டுமென்று பகல் வரை வானொலியில் பொழுதுபோக்கு எதுவும் வராமல் பார்த்துக்கொண்டார்; பிற்பகலிலும் பிரசங்கமும் கனமான இசையுமே. ஜனங்கள் ஆலயத்துக்குப் போனார்களா? திரளானோர் குமிழைத் திருகி, ரேடியோ லக்சம்பர்க்கின் பாட்டுகளைக் கேட்டார்கள். தொலைக்காட்சியிலும் பிள்ளைகள் உறங்கச் செல்வதற்காக மாலை 6 முதல் 7 வரை ஒளிபரப்பே இல்லாதிருந்தது. 1957 பிப்ரவரியில் அதுவும் போயிற்று. ஞாயிறு மாலை ஆராதனை வேளை பல ஆண்டுகள் சமய நிகழ்ச்சிகளுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. ஆலயங்களோ காலியாகிக்கொண்டே வந்தன. இரவில் தேசிய கீதத்தோடு நாளை முடிக்கும் வழக்கம்கூட பிபிசியின் முதல் அலைவரிசையில் 1997 நவம்பரில் நின்றுவிட்டது. மேலிருந்து பூட்டிய கதவைத் திறக்க மனிதனுக்கு எப்போதும் ஒரு சாவி கிடைத்துவிடுகிறது.

தேவன் உலகத்தைப் படைத்தபோது ஒவ்வொரு நாளுக்கும் ஒரு முடிவை வைத்தார். ஏழாம் நாளில் தாமே ஓய்ந்திருந்தார். எகிப்தின் செங்கல் சூளையில் ஓய்வில்லாதிருந்த ஜனத்துக்கு அவர் கொடுத்த கட்டளைகளில் ஓய்வுநாளும் ஒன்று. நம் ஊர் ஆலைகளுக்குக்கூட 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வார விடுமுறையை விதித்தது. விடுமுறை தராத ஒரே முதலாளி நம் கூடத்தில், பூ வைத்த மேஜையின்மேல் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குக் கூலியில்லாமல் உழைக்கிறோம்; விளம்பரக்காரருக்கு விற்கப்படும் சரக்கே நம் நேரம்தான்.

"நாங்கள் கிறிஸ்தவ நிகழ்ச்சிதான் பார்க்கிறோம்" என்று தப்பிக்க எண்ணுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இதில் என் சக ஊழியர்கள் வருந்தினாலும் பரவாயில்லை. காணிக்கைப் பணத்தில் அரைமணி நேரத்தை விலைக்கு வாங்கிப் பிரசங்கிக்கிறவர் உங்கள் பெயரை அறியார். உங்கள் மகன் வேலையிழந்தது அவருக்குத் தெரியாது. உங்கள் கட்டிலருகே முழங்காற்படியிட அவர் வரமாட்டார். படுக்கையில் கிடப்பவருக்கு அந்நிகழ்ச்சி ஆறுதல் என்பதை மறுக்கவில்லை. 2020இல் ஆலயம் பூட்டியிருந்தபோது நானும் கைப்பேசியைப் பார்த்துத்தான் பிரசங்கித்தேன். ஆனால் நடக்கக் கூடியவர்களுக்கு அது குடும்ப ஜெபத்தின் இடத்தை எடுத்துக்கொள்ளுமானால், அதுவும் ஒரு தொடர்தான்.

இத்தனையும் எழுதியபின் அந்த வயதான அம்மாவிடம் மறுநாள் சென்றேன். தனியே இருக்கிறார். பிள்ளைகள் வெளியூரில். நான் நுழைந்தபோதும் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது, அவரோ அதைப் பார்க்காமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கேட்டதற்கு, "வீட்ல ஒரு பேச்சுக்குரல் வேணும்ல ஐயா" என்றார். கடைசியாக நம் சபையிலிருந்து யார் வந்தார்கள் என்று கேட்டேன். கிறிஸ்துமஸ் கீத பவனிக்கு வந்தார்களாம். அதற்கும் இப்போதைக்கும் ஏழு மாதம். அந்த ஏழு மாதமும் நாள் தவறாமல் அவர் வீட்டுக்கு வந்துபோனது எட்டு மணித் தொடர் மட்டுமே. இந்தக் குற்றத்தில் முதல் பங்கு போதகனாகிய எனக்கு.

வரும் புதன்கிழமை வீட்டுக்கூட்டம் அவர் வீட்டில் நடைபெறும். நேரம் இரவு 7.30. ஒன்பது மணிக்குள் முடித்துவிடுவோம். அதன்பின் அரைமணி நேரம் அவரோடு பேசிக்கொண்டிருக்க நான்கு பேராவது தங்க வேண்டும். நாற்காலிகள் போதா, பாய் கொண்டுவாருங்கள். தொலைக்காட்சியை அணைக்கும்படி நான் அவரிடம் கேட்கப்போவதில்லை.