உள்ளே இடம் இருந்தும் படியில் தொங்குவது ஏன்?

சென்னை மின்சார ரெயில்களில் பெட்டிக்குள் நிற்க இடம் இருந்தாலும் வாசலில் ஒரு கூட்டம் தொங்குகிறது. கேட்டால், "உள்ளே போனா இறங்க முடியாது சார்!" காலை நேரக் கூட்டத்தில் அது நியாயம்தான். காலி ரெயிலில்?

2018 ஜூலை 24. மின்கம்பி அறுந்ததால் புறநகர் ரெயிலை விரைவு ரெயில் பாதையில் திருப்பி விட்டார்கள். பரங்கிமலையில் அந்தப் பாதையை ஒட்டித் தடுப்புச் சுவர். தொங்கியவர்கள் அதில் மோதி விழுந்தார்கள். அன்றே 4 பேர் பலி. முந்தின நாள் ராத்திரிதான் அதே இடத்தில் 2 பேர் செத்திருந்தார்கள்!

அதன்பிறகும் அந்தப் பாதையில் ரெயிலை விட்டது ஒரு தப்பு. அது இருக்கட்டும். படியில் பயணம் செய்தால் 3 மாதம் வரை ஜெயில் அல்லது 500 ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் இருக்கிறது. யார் பயந்தார்கள்? தினமும் தொங்கி, தினமும் பத்திரமாக வீடு சேர்ந்தவனுக்கு அந்தப் பழக்கம்தான் தைரியம். இன்றைக்கு வண்டி வேறு தடத்தில் போகிறது என்று அவனுக்கு யார் சொல்வது?